செவிச் சோதனை அறையில் கேட்ட மணி

என் மகளுக்கு இல்லாத சத்தம் கேட்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். விமானம் ஓட்டப் படித்து, உரிமம் வாங்கி, வருடக் கணக்கில் காத்திருந்து, எல்லாத் தேர்வுகளையும் தாண்டிய பிறகு கடைசி மேசையில் இந்த ஒரு வரி. அது நிலைத்துவிட்டால் அந்த நிறுவனம் மட்டுமல்ல, எந்த நிறுவனமும் அவளை விமானி இருக்கையில் உட்கார வைக்காது. எனக்கு அது நன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட வரிகள் எழுதப்படும் இடத்தில்தான் நான் ஆயுளைக் கழித்தேன்.

சனிக்கிழமைதோறும் ஏரிக்கரை ஆஞ்சநேயர் சன்னிதியில் கூடும் அன்பர்களே, உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உள்ளே வராமல் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவன் என்றுதான் தெரியும். என் மனைவி கமலா பிராகாரம் சுற்றுவாள். நான் வெளியே நின்று, பிரசாத வரிசையில் யார் குறுக்கே புகுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவனை நம் கோயில் மலரில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். விளம்பரம் எப்படி வர வேண்டும், எந்த விண்ணப்பத்தைத் தள்ளலாம், தேர்வுக் குழுவில் யார் உட்காரலாம், மருத்துவத் தகுதி இல்லை என்றால் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடவுள் மேல் எனக்கிருந்த ஒரே புகார், அவரிடம் நடைமுறை என்று எதுவும் கிடையாது என்பதுதான். ஒரே மாதிரி மனுப் போட்ட இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுக்கிறார், இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. காரணம் தெரிவிப்பதில்லை. நாங்கள் அப்படிச் செய்திருந்தால் நீதிமன்றத்தில் நிற்க வைத்திருப்பார்கள்.

மருத்துவச் சோதனை இல்லாமலேயே கடல் தாண்டப் பறந்தவர் உங்கள் ஆஞ்சநேயர் என்று கமலாவைச் சீண்டுவேன்.

"ஆமா, உங்க மெடிக்கல் போர்டு இருந்திருந்தா சீதை இன்னமும் அங்கயேதான் உக்காந்திருப்பா" என்பாள்.

எங்கள் ஒரே மகள் நித்யா. உரிமம் வாங்கி வந்தபோது விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். தட்டுப்பாடு அனுபவமுள்ள விமானிகளுக்குத்தான், புதிதாக வருகிறவர்களுக்கு வரிசை நீளம் என்பது பிறகு தெரிந்தது. செம்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் தெரியும். அவள் துணி காயப் போடும்போது நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. சத்தத்தை வைத்தே எந்த வகை விமானம் என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக் காது அவ்வளவு கூர்மை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டில் பஷீர் பாய் இருக்கிறார். கிழக்குத் தாம்பரத்தில் ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் காலை நேரங்களில் இந்த நாட்டின் எல்லாப் பிரச்சினைகளையும் நாங்கள் இருவரும்தான் தீர்த்து வைப்போம்.

"இன்னா சார், பாப்பா எப்ப ஃப்ளைட்டு ஏறுது? லேடீஸ்னா இப்ப டக்குனு எடுத்துக்கறானுங்களாமே?"

"யார் சொன்னது?"

"வாட்ஸாப்ல வந்துச்சு."

"பாய், உங்க கடையில கம்ப்ரசர் மாட்டறது ஆம்பளையா பொம்பளையான்னு கம்ப்ரசருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"விமானத்துக்கும் தெரியாது."

"விமானத்துக்குத் தெரியாது சார். ஆள் எடுக்கறவனுக்குத் தெரியும்ல?"

ஊர் முழுக்க இந்தப் பேச்சுதான். பெண்களுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்கிறான் ஒருவன். விமானியின் பிள்ளைதான் விமானி ஆக முடிகிறது என்கிறான் இன்னொருவன். தகுதியைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி, தகுதி என்ற பெயரில் வடிகட்டுகிறார்கள் என்று ஒரு கட்சி. எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்தார்களா இல்லையா என்பதுதான் என் கேள்வி. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

"என் மச்சானுக்கு அந்தக் கம்பெனில ஒரு பெரிய கையைத் தெரியும். ஒரு வார்த்தை போட்டு வைக்கட்டா சார்?" என்றார் பாய்.

"வேணாம் பாய். சிபாரிசோட வந்த மனுவை நான் எத்தனை தடவை கிடப்புல போட்டிருக்கேன் தெரியுமா? எனக்கே அது வேணாம்."

"நீங்க ஒரு பேஜாரு சார்" என்று சிரித்தார்.

எழுத்துத் தேர்வு, மனப்பாங்குத் தேர்வு, சிமுலேட்டர் என்கிற பாவனை விமானத்தில் ஓட்டிக் காட்டும் தேர்வு எல்லாம் முடிந்து, மருத்துவச் சோதனைக்கு வடக்கே ஒரு நகரத்துக்கு அழைத்தார்கள். ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. கமலா அன்று வீட்டில் இல்லை. மேடவாக்கத்தில் இருக்கும் அவள் தங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் துணைக்குப் போயிருந்தாள். காலையில் தொலைபேசியில் ஒரே உத்தரவு.

"அவளை உள்ள கூப்பிடறப்போ மெசேஜ் போடுவா. அந்த நேரத்துக்கு வெளக்கேத்தி மணி அடிச்சிடுங்க. கிண்டல் பண்ணாம அடிங்க."

எங்கள் பூஜை அலமாரியில் ஒரு வெண்கல மணி உண்டு. பிடியில் கைகூப்பிய ஆஞ்சநேயர். நித்யா சின்னக் குழந்தையாக இருந்தபோது அதைக் கீழே போட்டாள். விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல். அதிலிருந்து அதற்கென்று தனி ஓசை. முதலில் ஒரு கணீர், அதன் பின்னாலேயே குளிரில் பல் அடித்துக்கொள்வது போல ஒரு நடுக்கம். வேறு எந்த மணியும் அப்படி ஒலிக்காது. மாற்றிவிடலாம் என்றால் கமலா விடமாட்டாள்.

நித்யாவின் செய்தி வந்தது. விளக்கை ஏற்றினேன். எனக்குத் தெரிந்த மொழியில்தான் வேண்டிக்கொண்டேன். மனுதாரர் எல்லா நிபந்தனைகளையும் பூர்த்தி செய்திருக்கிறார், எனவே தாங்கள் கருணையுடன் பரிசீலிக்குமாறு, என்று. பிறகு மணியை எடுத்து ஆட்டினேன்.

சத்தம் வரவில்லை.

மறுபடி ஆட்டினேன். உள்ளே நாக்கு சுவரில் இடிப்பது கையில் தெரிந்தது. அந்த அதிர்வு மணிக்கட்டு வரை வந்தது. ஓசை மட்டும் இல்லை. காது அடைத்துக்கொண்டது, வயதாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மின்விசிறி கேட்டது. தெருவில் கீரைக்காரி கூவுவது கேட்டது. மேலே ஒரு விமானம் போவது கேட்டது. மணியை நகத்தால் சுண்டினேன். ஒன்றும் இல்லை. தாம்பாளத்தின் மேல் பட்டென்று வைத்தேன். தாம்பாளம் கணகணத்தது. மணி கணகணக்கவில்லை.

வெளிச்சமான பகல் வேளை. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. அப்படியும் எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கு வந்து நாளிதழை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மத்தியானம் நித்யா கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அப்பா, காதுக்கு டெஸ்ட் பண்ணாங்க. சத்தமே புகாத ஒரு சின்ன ரூம்ல உக்கார வெச்சு, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும். எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்தணும். நான் அழுத்தினேன். டாக்டர், நான் சத்தமே அனுப்பலயே, எதுக்கு அழுத்தினேன்னு கேட்டார்."

"தெரியாம அழுத்திட்டேன்னு சொல்லியிருப்பே."

"மணி கேட்டுச்சுன்னு சொன்னேன். எந்த மணின்னு கேட்டார். எங்க வீட்டு பூஜை மணின்னு சொன்னேன். அம்மா மணிப்பா. அந்த நடுக்கத்தோட."

அது எந்த நேரம் என்று கேட்டேன். அவள் சொன்ன நேரமும், நான் ஓசையில்லாத மணியை ஆட்டிக்கொண்டிருந்த நேரமும் ஒன்று.

அந்த மருத்துவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டார். அங்கேயும் அவள் அதையேதான் சொல்லியிருக்கிறாள். 'இல்லாத ஒலி கேட்பதாகக் கூறுகிறார், தற்காலிகமாகத் தகுதியில்லை.' இப்படி முடித்து அனுப்பிவிட்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லை நம்பாதீர்கள். எங்கள் பிரிவில் அது கதவை மெதுவாகச் சாத்துவதற்குப் பயன்படும் சொல்.

அவள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான வேதனை தொடங்கியது. அழவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் எங்களைப் பார்ப்பாள். குக்கர் விசில் அடிக்கும். "அம்மா, உனக்குக் கேட்டுச்சா?" என்பாள். தாம்பரம் பக்கம் ரயில் ஊதும். "அப்பா, இது?" என்பாள். விமானத்தைச் சத்தத்தால் அடையாளம் சொன்ன பெண், குயில் கூவினால்கூட இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று காத்திருந்தாள். நாங்கள் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ஒரு மாலை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவள் சட்டென்று நின்று தலையைச் சாய்த்தாள்.

"அப்பா, இது கேக்குதா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. காக்கை கூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். "கேக்குதும்மா" என்றேன்.

"என்ன கேக்குது?"

நான் விழித்தேன்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலப்பா. நீங்க உண்மை சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றாள். எனக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று இரவு உணவின்போது அவளுக்கு யோசனை சொன்னேன். மேல்முறையீட்டு மருத்துவக் குழு முன்னால், பதற்றத்தில் தவறுதலாக அழுத்திவிட்டேன், கேள்வி கேட்டதும் குழம்பிப் போய் ஏதோ சொன்னேன் என்று சொல்லச் சொன்னேன். எல்லாக் குழுக்களும் ஏற்கும் விளக்கம் அது. நானே எத்தனையோ பேரிடமிருந்து ஏற்றிருக்கிறேன்.

அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "காக்பிட்ல மொதல்ல சொல்லிக் கொடுக்கறதே இதுதான்பா. ரேடியோல என்ன கேட்டுச்சோ அதைத் திருப்பிச் சொல்லணும். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லணும். பக்கத்துல எவ்வளவு பெரிய கேப்டன் உக்காந்திருந்தாலும், நமக்குக் கேட்டதை வாய் விட்டுச் சொல்லணும். கேட்டதைக் கேக்கலன்னு சொல்லி அந்த சீட்டுல போய் உக்காந்தா, அப்புறம் அங்க நான் எதுக்கு?"

கமலா எனக்கு மோர் ஊற்றினாள். தேவைக்கு அதிகமாகவே ஊற்றினாள்.

நித்யா தூங்கப் போன பிறகு கமலாவிடம் மணி விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வாள் அல்லது கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. "அப்போ கொழந்தை சொன்னது நெசம்" என்றாள். பிறகு, "அவகிட்ட சொல்லிடலாம்ங்க. தனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு நெனைச்சு நெனைச்சு சாகறா."

சொல்ல முடியாது என்றேன். ஏன் என்று விளக்கினேன். மருத்துவப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருக்கிறதா? அவளிடம் சொன்னால் அவள் குழுவிடம் சொல்வாள், மறைக்கத் தெரியாதவள். மகளுக்கு இல்லாத மணி கேட்டது, அப்பாவுக்கு இருக்கிற மணி கேட்கவில்லை. இரண்டு வரி போதும், பரம்பரை என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவள் பக்கம் இருந்த ஒரே சாட்சி நான். நான் வாயைத் திறந்தால் அவளுக்கு எதிரான சாட்சி.

இத்தனை வருடம் கற்ற நடைமுறையில் இதற்கு ஒரு வழியும் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் செய்தேன். மேல்முறையீடு எழுதினேன். செவிச் சோதனையில் தவறாக அழுத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி சோதிப்பது வழக்கம். அன்றைக்கே இன்னொரு பையனுக்கு அப்படிச் செய்ததை நித்யா பார்த்திருக்கிறாள். என் மகளுக்குச் செய்யவில்லை. ஒரே தவறுக்கு இரண்டு அளவுகோல் ஏன் என்று கேட்டேன். மணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. குழு கூடும், செவிச் சோதனை மறுபடி நடக்கும் என்று பதில் வந்தது. அதே இடம், அதே அறை.

பதிலை இரண்டு முறை படித்தேன். மறுபடி கேட்டால்?

கேட்டால் அவள் அழுத்துவாள். அழுத்தினால் முடிந்தது. கேட்காமல் இருந்தால் பிழைத்தாள். ஆகவே என் வாழ்க்கையில் முதல் முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். நீங்களெல்லாம் பார்த்தீர்கள், பார்க்காதது போல இருந்தீர்கள், அதற்கு நன்றி. சன்னிதியில் நின்று, அவளுக்குக் கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று வேண்டினேன். பிரார்த்தனை கேட்கப்பட வேண்டும் என்று எல்லோரும் நிற்கிற இடத்தில் நான் ஒருவன் இப்படி நின்றேன்.

அந்த நாள் வந்தது. காலை நேரம். நித்யா வடக்கே. நான் மணியை ஒரு துண்டில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். அடிக்கப் போவதில்லை. கமலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு அடிச்சீங்க. இன்னிக்கு மூடி வெக்கறீங்க. அப்போ அவரை நம்பறதா, வேணாமா?"

"அவர் மேல நம்பிக்கை இருக்கு. சத்தத்து மேல இல்ல."

"ரெண்டும் வேற வேறயா?"

நித்யாவின் செய்தி வந்தது. உள்ளே போகிறாள். அந்த நேரம் பார்த்து பஷீர் பாய் வாசலில் வந்து நின்றார். அன்றைக்குக் குழு கூடுகிறது என்று அவருக்குத் தெரியும். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றார். தலையில் தொப்பி இருந்தது. தொழுகை நேரம் இல்லை, இருந்தும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கமலா விளக்கை ஏற்றி, துண்டைப் பிரித்து மணியை என் கையில் வைத்தாள். "அடிங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆஞ்சநேயா, ஓசை இங்கேயே இருக்கட்டும், என்று வேண்டிக்கொண்டு ஆட்டினேன்.

இல்லை. ஓசை இல்லை.

கமலாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்தது. அவளுக்கும் கேட்கவில்லை. நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. கை ஆடிக்கொண்டே இருந்தது. விளக்குச் சுடர் அந்த அசைவுக்குச் சரியாக ஆடியது. மணி மட்டும் பேசவில்லை.

வாசலில் இருந்து பாய் மெதுவாகக் கேட்டார். "இன்னா சார் மணி இது? நாக்கு கீதா, இல்லியா?"

மணியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். நாக்கு இருந்தது. இடித்துக்கொண்டிருந்தது. பாய் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் இரண்டு கைகளையும் ஏந்தி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினார்.

அப்போதுதான் புரிந்தது. ஓசை போய்விட்டது. அங்கே போய்விட்டது. நான் எதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டேனோ அதுவே நடந்துகொண்டிருந்தது. மனுதாரர், பரிசீலனை, கருணை எல்லாம் நாக்கில் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியல, நீயே பாத்துக்கோ" என்றேன். வாய் விட்டுச் சொன்னேன். நான் செய்த ஒரே உண்மையான பிரார்த்தனை அதுதான்.

பிறகு காத்திருந்தோம். பாயும் போகவில்லை. கமலா மூவருக்கும் காப்பி போட்டாள், யாரும் குடிக்கவில்லை.

தொலைபேசி அடித்ததும் கமலா எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள். நித்யா அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அது வேறு அழுகை.

"அம்மா, மறுபடியும் கேட்டுச்சும்மா. அதே மணி. நான் அழுத்தினேன். வெளிய பாத்தேன், அவ்வளவுதான், முடிஞ்சதுன்னு நெனச்சேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் பேனாவை வெச்சிட்டு நிமிர்ந்து பாக்கறார். கூட இருந்த ரெண்டு பேரும் திரும்பிக் கதவைப் பாக்கறாங்க. கதவைத் திறந்து என்னைக் கேக்கறார். யாரும்மா மணி அடிக்கறதுன்னு."

அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. பணியாளரை அனுப்பித் தேடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நடைபாதை முழுவதும் பார்த்து, கீழே இறங்கித் தெருவையும் பார்த்துவிட்டு வந்து, கோயிலும் இல்லை, மணி வைத்திருப்பவரும் யாரும் இல்லை என்றிருக்கிறார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை அடித்து, நடுங்கி, ஓய்ந்திருக்கிறது. குழுவின் மூத்த மருத்துவர் தானே எழுந்து வந்து அந்த அறையின் கதவைத் தட்டிப் பார்த்தாராம்.

இனி நடந்தது எனக்குப் பழக்கமான உலகம். வெளிச் சத்தம் உள்ளே கேட்டால் அது ஒலி புகாத அறை இல்லை. அறை சரியில்லை என்றால் சோதனை செல்லாது. சோதனை செல்லாது என்றால் அதை வைத்து எழுதிய எதுவும் செல்லாது. மனநல மருத்துவரின் வரி உட்பட. வேறொரு மருத்துவமனையில் அன்றே மறுபடி சோதித்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. முழுத் தகுதி. அந்த அறையில் சோதித்த மற்ற எல்லோரையும் திரும்ப அழைத்துச் சோதிக்கவும் மூத்த மருத்துவர் உத்தரவிட்டார். காது மந்தம் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பையனுக்கு அதில் வேலை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். என் மகளுக்கு மட்டும் கதவு திறந்திருந்தால் அது சலுகை. எல்லோருக்கும் திறந்தது. கடவுளுக்கு நடைமுறை தெரியாது என்ற என் புகாரை அன்று திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

குழு எழுதிய காரணம் என்ன தெரியுமா? 'பின்னணி இரைச்சல்.' என் பிரார்த்தனைக்கு அலுவலக மொழியில் பெயர் அதுதான். நானே எழுதியிருந்தாலும் வேறு எப்படி எழுதியிருப்பேன்?

நித்யா பேசி முடித்ததும் பஷீர் பாய் ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "சார், அந்தப் பெரிய கைகிட்ட நான் பேசவே இல்ல. சத்தியமா" என்றார்.

"இது அதை விடப் பெரிய கை பாய்" என்றாள் கமலா.

நித்யா வீடு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மணியை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். அழகாக ஒலித்தது, நடுக்கத்தோடு. "உங்களுக்குக் கேக்குதாப்பா?" என்றாள். "கேக்குது" என்றேன். இந்த முறை நம்பினாள்.

பயிற்சியில் சேர்ந்த பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அவளோடு பயிற்சியில் இருந்த ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து சொன்னானாம். முதல் நாள் அவள் உள்ளே இருந்தபோது அவன் வெளியே பெஞ்சில் காத்திருந்திருக்கிறான். அவனுக்கும் மணி கேட்டிருக்கிறது. அவளை எதற்காகத் தள்ளினார்கள் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தன்னையும் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அவன் முதல் சுற்றிலேயே தேர்வானவன். தகுதியைப் பற்றி ஊரே விவாதிக்கிறது. கேட்டதைச் சொன்னவள் வெளியே, கேட்டும் சொல்லாதவன் உள்ளே என்றால் அது என்ன அளவுகோல்? எனக்கு ஆத்திரம் வந்தது. நித்யாவுக்கு வரவில்லை.

"இப்பவாவது சொன்னானேப்பா. ஆனா அவன் பக்கத்துல உக்காந்து ஓட்டறப்போ, நான் கொஞ்சம் சத்தமாவே பேசணும்" என்றாள்.

இன்று அவள் துணை விமானியாகப் பறக்கிறாள். நான் சனிக்கிழமைகளில் உள்ளேதான் நிற்கிறேன். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, மன்னிக்கவும். தினமும் காலையில் நான்தான் மணி அடிக்கிறேன். பெரும்பாலும் கேட்கிறது. வீடு முழுக்க அந்த நடுக்கம் பரவி அடங்குகிறது.

சில நாட்களில் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட நாட்களில் கமலா சமையலறையில் இருந்து எட்டிப் பார்ப்பாள். நான் தலையசைப்பேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்பாள். அன்று எங்கே, எந்த உயரத்தில், யார் காதில் அந்த ஓசை தேவைப்பட்டது என்று எங்களுக்குத் தெரியாது. நித்யாவைக் கேட்டதில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அன்பர்களே, உங்களில் யாராவது வேண்டி வேண்டிப் பதில் வராமல் ஓய்ந்து போயிருக்கலாம். மணி அடித்தேன், எனக்கே கேட்கவில்லை, ஆண்டவனுக்கா கேட்டிருக்கப் போகிறது என்று நினைத்திருக்கலாம். எல்லா விதிகளும் தெரிந்தவன் சொல்கிறேன், கையை நிறுத்தாதீர்கள். நம் காதில் விழவில்லை என்பதால் அது போய்ச் சேரவில்லை என்று ஆகாது. போய்ச் சேர்ந்துவிட்டதால்தான் இங்கே கேட்கவில்லை.

இன்று காலையும் மணி ஒலிக்கவில்லை. இதை எழுதி முடிக்கும்போது நித்யாவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. வழக்கமான ஒரே சொல்தான். 'இறங்கிட்டேன்.' இப்போது எழுந்து போய் அந்த மணியை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தேன்.

கேட்கிறது. திரும்பி வந்துவிட்டது.